டாயில் அண்ணனின் பெட்டியருகே நின்ற சொந்தம்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்தோணி டாயில் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து தாதி அழைத்தார். "அங்கிள் போய்ட்டாரு. சொந்தக்காரங்கன்னு ஒங்க நம்பரத்தான் குடுத்திருந்தாரு." அப்படியே ஓடினேன். மறுநாள் அடக்கப் பூசையிலும் மீசை அதே நிலைமையில்தான் இருந்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி.

கோலசிலாங்கூரில் நம்மில் பாதிப் பேர் அவரைத் 'தொரை' என்றுதான் கூப்பிட்டோம். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். பக்கத்தில் நின்றால் என்னையே சிவப்பாகக் காட்டிவிடுவார். பெயருக்குப் பின்னால் மட்டும் அயர்லாந்து. அவருடைய தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரச் சாமியார், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாராம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்க, ஞானத் தகப்பனாக வந்திருந்த தோட்டத்து உதவி மேனேஜர், அயர்லாந்துக்காரச் சின்னத்துரை, தன் பெயரையே கொடுத்துவிட்டாராம். இது வீட்டில் சொன்ன கதை. தொழிலாளர் லயத்தில் சொன்ன கதையில் சின்னத்துரை ஞானத் தகப்பன் என்பதோடு நின்றுவிடவில்லை. அதை நான் ஒருமுறை காப்பிக்கடையில் கிளறினேன்.

"ஏண்ணே, தாத்தாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளமாமே?"

"ஒன்னோடதையும் இழுத்து நீளமாக்கி வுடவா?"

அதற்குப் பிறகு கிளறவில்லை.

அந்தப் பெயரை அவர் கேலியாகத்தான் சுமந்துகொண்டிருந்தார், தனி ஆளாக ஆகும்வரை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாயிற்று. லயத்துச் சனம் ரவாங், பத்தாங் காலி என்று சிதறியது. பிள்ளைகள் இல்லை. அண்ணி போனார். மிச்சமிருந்த ஒரே தம்பியும் போனார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. ஒருநாள் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து என் காரில் ஏறியவர், சீட் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி மாட்டாமலே உட்கார்ந்திருந்தார்.

"டேய், பூசையில சாமியார் குடும்பத்தார் முன்னால வாங்கன்னு கூப்புடுவாரு. என் பொட்டிகிட்ட யாருடா வருவா?"

"நான் வர்றேண்ணே."

"நீ சொந்தமா? ஓசியில தே தண்ணி குடிக்க வர்றவன் லா நீ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு ஆளு போதும்டா. எங்கயாச்சும் இருப்பான், தேடு."

தேடினோம். இணையத்தில் கண்ணில் பட்ட டாயில்களுக்கெல்லாம் என் ஆங்கிலத்தில் எழுதினேன். அயர்லாந்து அதைத் தாங்கியதே பெரிது. பலர் பதில் போடவில்லை. ஒருவர் எங்களை மோசடிக் கும்பல் என்று திட்டி எழுதினார். "பரவால்ல, நம்மாளுதான், கோவம் வருது" என்றார் அண்ணன். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர் அல்லவா, ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு என் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வந்துச்சா?"

"வரலண்ணே."

"இன்னொருத்தனுக்கு அடி."

கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் போன பிறகும் அதே கேள்விதான். எனக்கு அவர் வீட்டுக்குப் போகவே பயமாகிவிட்டது.

கடைசியில் நோரா டாயில் என்ற கிழவி பதில் எழுதினார். பழைய ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குக் 'கறுத்த அந்நியன்' என்று பொருளாம். கடல் தாண்டி வந்து இறங்கியவர்களை அந்த ஊர்க்காரர்கள் அப்படி அழைத்தார்களாம். நான் படித்துச் சொன்னதும் அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவனுங்களும் கப்பல்ல வந்தவனுங்கதானா?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"பாத்தியா, எனக்குன்னே வெச்சிருக்கானுங்க." கண்ணிலிருந்து வழிந்ததை ஐஸ் தண்ணீர் என்றார். ஐஸ் வாயில்தான் இருந்தது.

நோராவுடன் முகம் பார்த்துப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அண்ணன் சுவர்க் கடிகாரத்தை அயர்லாந்து நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமையே போய்விட்டார்.

சனிக்கிழமைப் பூசையில் சாமியார், "குடும்பத்தார் முன்னால் வரலாம்" என்றார். யாரும் எழவில்லை. அண்ணன் பயந்த நிமிடம் அதுதான். அவர் பெட்டிக்குள் படுத்திருக்க, நான்தான் அதை உட்கார்ந்து அனுபவித்தேன். பொறுக்க முடியாமல் எழுந்து பெட்டியருகே போய் நோராவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். கலைந்த தலையுடன் எடுத்தார். கைப்பேசியைப் பெட்டிக்கு மேலே பிடித்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தோணி டாயில்" என்று முழுப் பெயரையும் மெதுவாகச் சொன்னார்.

பின்னால் யாரோ, "தொரைக்கு நெஜமாவே வெள்ளக்காரச் சொந்தம் இருக்கு லா" என்றார்.

நான் மறுகையால் கைக்குட்டையை வெள்ளை மீசைப் பக்கம் அழுத்திப் பிடித்திருந்தேன். தேம்புகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் அது உண்மையாகிவிட்டது.

அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கடிகாரம்தான். "சாயங்காலத்துல காலையக் காட்டுது, தூக்கிப் போடுங்க" என்கிறாள் மனைவி. மாற்றமாட்டேன்.

குறித்து வைத்த ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்துக்கு, நோரா தாமாகவே அழைத்தார். டாயில்களின் பூர்வீக ஊர் எது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அது செத்துப்போன கணவரின் பெயராம். நோரா பிறந்த வீட்டுப் பெயர் வேறு.