பேனாவைக் கீழே வைத்த நேர்காணல்

கோ-ஆப் மாணவர் ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எந்த பேங்க்?" என்று கேட்டார். மும்பையில் கோ-ஆப் என்றால் ஒன்று பேங்க், இல்லையென்றால் ஹவுசிங் சொசைட்டி. முதுகலை படிக்கிற பிள்ளைகள் ஒரு பருவம் வகுப்பிலும் அடுத்த பருவம் சம்பளத்தோடு ஓர் அலுவலகத்திலும் இருப்பார்கள், அந்த வேலைக்கும் மார்க் உண்டு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் குளிக்கப் போய்விட்டார். போகட்டும், எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. திலக் நகர் ஸ்டேஷன் படியில் நான் ஏறிய வேகத்தைப் பார்த்து, ரயில் வந்துவிட்டதாக்கும் என்று எனக்குப் பின்னால் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

விக்ரோலியில் இருக்கும் எங்கள் நிறுவனம் நகராட்சிகளுக்குத் தண்ணீர்க் குழாய், பம்ப் நிலையம் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறது. பல வருஷத்து அறிக்கைகள், வரைபடங்கள், கடிதங்கள் அத்தனையும் தகவல் மையம் என்ற பெயரில் என் ஒருத்தி தலையில். ஆள் கேட்கும்போதெல்லாம், "எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே" என்பார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறது, சரி. கடலிலும்தான் மீன் இருக்கிறது, பிடிப்பது யார்? கெஞ்சியும் சண்டை போட்டும் கடைசியில் தகவல் அறிவியல் படிக்கும் ஒரு மாணவருக்கு அனுமதி வாங்கிவிட்டேன். ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு.

நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், விதி என்றால் விதிதான் என்கிற மராத்திக்கார மனிதவள அதிகாரி, ஓய்வு பெறப்போகும் குஜராத்திப் பம்ப் பொறியாளர். பொறியாளருக்குப் பொறுமை என்ற ஒன்றை ஆண்டவன் கொடுக்க மறந்துவிட்டான். அன்று காலையிலேயே வந்து, "அந்தப் பழைய பம்ப் ரிப்போர்ட் வேண்டும், நீல அட்டை போட்டது" என்று நின்றார். பல வருஷப் பழக்கத்தில் அவர் எதைக் கேட்கிறார் என்று ஊகித்து, தேடியெடுத்து, என் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். "சாயங்காலம் தருகிறேன். அதுவரை வருகிற பிள்ளைகளிடம் இதையே கேளுங்கள். யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

முதலில் வந்த பையனுக்கு ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. பொறியாளர் கேட்டதும் 'பம்ப்' என்று தட்டினான். திரை நிரம்பி வழிந்தது. இதில் எது என்று அவர் கேட்க, எல்லாமே தொடர்புடையவைதான் என்றான். அடுத்து வந்தவள் நவி மும்பை சான்பாடாவிலிருந்து வந்த கெட்டிக்காரப் பெண். இதற்கென்றே ஒரு செயலி செய்து தருவதாகச் சொன்னாள். "எனக்குச் செயலி வேண்டாம், பேப்பர் வேண்டும்" என்றார் பொறியாளர்.

மூன்றாவது பெண் உள்ளே வரும்போது என் கையிலிருந்த கோப்பு நழுவி விழுந்தது. "ஐயையோ!" என்று வாய்விட்டுவிட்டேன். குனிந்து எடுத்துக் கொடுத்தவளின் முகம் மலர்ந்தது.

"நீங்க தமிழாக்கா?"

"ஆமாம்மா! மாட்டுங்கால பொறந்து வளந்தவ. நீ எங்கேருந்து வரே?"

"தாராவிக்கா. சொந்த ஊரு திர்நெவேலிப் பக்கம். அப்பா தோல் பட்டறைல கட்டிங் மாஸ்டர்."

"இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது போனியா?"

"ரெண்டு எடம் போனேன்க்கா, கெடைக்கல. இந்த வாரத்தோட காலேஜ்ல கோ-ஆப் லிஸ்ட்ட மூடிருவாவ. இதும் இல்லன்னா எனக்கு ஒரு வருசம் போச்சு. வீட்ல இன்னொரு வருசம் படிக்க விட மாட்டாவ."

விக்ரோலி அலுவலகத்தில், அதுவும் நேர்காணல் அறையில், தமிழ் கேட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? மனிதவள அதிகாரி தொண்டையைச் செருமினார். "மேடம், ரிஷ்தேதார் ஹை க்யா?" உறவுக்காரப் பெண்ணா என்கிறார்.

இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன், மொழி மட்டும்தான் ஒன்று என்றேன். போன வருஷம் ஒரு பெரிய மனிதரின் மருமகன் வந்தபோதும், ஊர் மட்டும்தான் ஒன்று என்றார்களே, அப்போது கூட்டத்தில் எழுந்து கத்தியது யார் என்று அதிகாரி கேட்டார். நான்தான். வந்தவருக்கு வேண்டியவர் குழுவில் இருந்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும், வாயும் திறக்கக் கூடாது என்று மேஜையைத் தட்டி விதியாக்கியது நானேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். பேனாவைக் கீழே வைத்தேன். மேடம் உனக்கு மார்க் போடமாட்டார் என்று அவர் அவளிடம் ஹிந்தியில் சொன்னார். மலர்ந்த முகம் சுருங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பொறியாளர் தன் பல்லவியை ஆரம்பித்தார். பழைய பம்ப் ரிப்போர்ட், நீல அட்டை. அவள் கீபோர்டைத் தொடவில்லை. "அந்தப் பம்ப் இருக்கிற இடத்தில் இப்போது என்ன பிரச்சனை, சார்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

அவரிடம் அதை யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. மடை திறந்துவிட்டது. ஒரு பம்ப் நிலையம் ஓடும்போது தரையே நடுங்குகிறதாம், வாடிக்கையாளர் காலையிலிருந்து போனில் திட்டுகிறாராம், அடித்தளம் சரியில்லை என்று முன்னாலேயே பேச்சு வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமாம். அவள் பம்பை விட்டுவிட்டு அடித்தளத்தைத் தேடினாள். ஓர் ஆய்வறிக்கை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இது இல்லை! இது நம்முடைய வெள்ளை அட்டை" என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

டிராயர் சாவி என் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும், ஒரே ஒரு சொல்! உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவளைப் பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒரு நிமிஷம் உட்காருங்கள் சார்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் விடவில்லை. "அது நாம் எழுதியதா, நமக்கு வந்ததா?"

பொறியாளர் நின்றார். யோசித்தார். "வந்தது. நகராட்சியிலிருந்து வந்தது."

"அப்படியென்றால் மராத்தியில் இருக்குமே" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டை மாற்றி, அதிர்வுக்கும் தரைக்கும் உள்ள மராத்திச் சொற்களைத் தட்டினாள். பம்ப் என்ற சொல்லே தலைப்பில் இல்லாத ஒரு கடிதம், நீல அட்டை போட்ட இணைப்போடு, திரையில் வந்து நின்றது. பொறியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "யஹி! யஹி ஹை!" இதேதான் என்று அவர் மேஜையில் அறைந்ததில் டீக்கோப்பைகள் குலுங்கின. நானும் எழுந்து நின்றுவிட்டேன். மனிதவள அதிகாரி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன்.

அவளை வெளியே உட்காரச் சொன்னோம். அதிகாரி முதல் பையனுக்கு ஆங்கிலத்துக்காக அள்ளிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கட்டமாகக் கூட்டினார், சரிபார்த்தார், திரும்பவும் கூட்டினார். பொறியாளரோ, மார்க்கெல்லாம் எனக்குத் தெரியாது, என் பேப்பரைக் கண்டுபிடித்தவள் திங்கட்கிழமை வர வேண்டும் என்றார். அதிகாரி காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நீங்கள் இல்லாமலேயே அந்தப் பெண்தான் முன்னால் இருக்கிறாள், இப்போது நீங்கள் பேசலாம் என்றார். நான் பேசவில்லை, கூவினேன். பக்கத்து அறையிலிருந்து என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அவர் போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். கட்டிப்பிடித்து வாழ்த்த வேண்டும் என்று நானும் லிஃப்ட் பக்கம் ஓடினேன். அவள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவள் அம்மாவின் குரல். நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"கெடச்சிட்டும்மா!"

"நெசமாவாட்டி? யாரு சொல்லி விட்டா? அப்பாவுக்க மொதலாளியா?"

"ஒருத்தரும் சொல்லலம்மா. இங்க ஒரு தமிழ் அக்கா இருந்தாவ. அவியளையும் மார்க்கு போடக் கூடாதுன்னுட்டாவ. வாயே தொறக்காம இருந்தாவ, பாவம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ யாருக்காவவும் இல்லாம, ஒனக்குன்னேயாட்டி குடுத்தாவ?"

"ஆமாம்மா. எனக்குன்னே."