கீழே விழ வேண்டிய மணி

வளைந்த ஊசி தோலுக்குள் நுழைந்து, மெழுகு பூசிய நூலை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அந்தக் கைகள் நின்று, பெருவிரல் நகத்தால் அதை அழுத்திப் பார்க்கின்றன. எலுமிச்சை அளவில் ஒரு தோல் உருண்டை. உள்ளே பித்தளை மணி, தலையில் நாக்கு போல ஒரு பட்டை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆர்வில் ஸ்டாங் மூச்சைச் சத்தமாக விடக்கூட யோசிக்கிறான்.

"இப்படி முறைச்சுப் பாத்தா தையல் கோணிக்கும்" என்கிறார் மேடம் ஓபல், நழுவிய கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டே.

கனடா எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் ஹாம்டிராமிக் என்ற சிற்றூரில், ஒரு பேக்கரியின் மாடியில் ஓபலின் அறை. அடங்கி நடக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை, முன்பே பேசி ஒப்புக்கொண்ட எல்லைக்குள் அடக்கி ஆள்வது அவருடைய தொழில். கீழே பொன்ச்கி என்கிற ஜாம் வைத்த இனிப்பு உருண்டை பொரிக்கும் வாசனை மாடிப்படி ஏறி வந்துவிடும். "சர்க்கரை வாசனைக்கு நடுவுல ஒருத்தர மிரட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் என் கஷ்டம்" என்பார்.

ஆர்வில் வாழ்நாள் முழுக்க எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கனடாவுக்கு லாரி ஓட்டியவன். ஒரு சீஸ் கட்டியைக்கூட ஒளித்துக் கொண்டுபோனதில்லை. இந்த அறையில் மட்டும் அவன் பெரிய கடத்தல்காரன். ஓபல் சுங்க அதிகாரி. நீலச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டதும் அவர் குரல் கீழே இறங்கிவிடும்.

"டேய், பெட்டியில என்னடா?"

"ஆரஞ்சுப் பழம், மேடம்."

"எந்த ஊரு ஆரஞ்சுடா மூச்சு விடுது?"

நாற்காலியோடு கட்டுண்டு அவன் கெஞ்சுவான், விட்டுவிடச் சொல்லி அழுவான். ஓபல் இரங்கமாட்டார். கெஞ்சலும் நாடகத்தில் சேர்ந்ததுதான். உண்மையிலேயே நிறுத்த வேண்டுமானால் ஒரே ஒரு சொல் இருந்தது: 'குளிர்காலம்'. அது காதில் விழுந்த கணம் அதிகாரி காணாமல் போய்விடுவார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி தண்ணீர்க் குவளையோடு அவன் பக்கத்தில் இருப்பார்.

பிறகு வந்த பக்கவாதம் ஆர்விலின் புத்தியைத் தொடவில்லை. பேச்சைத் தொட்டுவிட்டது. சொல் நாக்குக்கு வந்து சேர்வதற்குள் அதன் நேரம் போய்விடுகிறது. வலது கை எதையாவது பிடித்தால் விடுவதில்லை. இடது கையில் எப்போதோ நசுக்கிய ஒரு லாரிக் கதவு விட்டுவைத்தது பெருவிரலையும் சுட்டுவிரலையும்தான்.

வாய் பேச வழியில்லாதவர்களின் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அது விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். நோய்க்குப் பிறகு முதல்முறை வந்தபோது ஆர்வில் அதை வலது கையில் வாங்கிக்கொண்டு, "கை… சரி… ஆயிடுச்சு" என்று பொய் சொன்னான். பாதி விசாரணையில் தோள்பட்டை சுண்டி இழுத்தது. விரல்கள் திறக்கவில்லை. வேறு யார் பார்த்திருந்தாலும் வழக்கம்போல் முனகும் கடத்தல்காரனைத்தான் பார்த்திருப்பார்கள். ஓபல் பாதி வார்த்தையில் நின்றார். அடுத்த மூச்சில் கத்தரிக்கோல் வந்தது, கயிறு துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

"எப்படித்… தெரிஞ்சுது?"

"பொய் சொல்றப்ப எப்பவும் என் கண்ணத்தான் பாப்பீங்க. இன்னைக்கு உங்க கையப் பாத்தீங்க." அவன் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் மறைச்சீங்க?"

"வேணாம்னு… சொல்லிடுவீங்கன்னு."

"நிறுத்த முடியாத ஆள நான் கட்ட மாட்டேன், ஆர்வில். வழி கிடைக்கிற வரைக்கும் கயிறு கிடையாது."

காரில் காத்திருந்த மனைவி டோரீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே ஓபலுக்குப் போன் செய்தாள். "வீட்ல குப்பைய எடுத்து வைங்கன்னா காது கேக்காது. உங்க எடத்துக்குன்னா சட்டைய தானே மாட்டிக்கிறார். மத்த எல்லா எடத்துலயும் இவர் நோயாளிங்க. அங்க மட்டுந்தான் திருடன். அத எடுத்துடாதீங்க."

ஓபல் மறுநாளே தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டார், விழுகிற சத்தம் கேட்பதற்காக. சாவிக்கொத்துக்குப் பதிலாக இடது கைக்கென்று தைத்த முதல் உருண்டை கனம். இரண்டு விரல்கள் சீக்கிரம் சோர்ந்தன. அடுத்தது லேசு, விழுந்ததே தெரியவில்லை. பட்டை வழுக்கியது, பிரித்தார். தோலின் சொரசொரப்பான உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தார். கயிறு கட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி ஆர்விலை அனுப்பினார்.

"கயிறுன்னே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம்… எதையோ… எழுதினார். அப்புறம்… வலது கைல வேணாம். மத்தது… தளர்வா."

"நல்ல டாக்டர்" என்றார் ஓபல்.

இப்போது ஒரு தையல் மட்டும் பாக்கி. நூலைத் தொங்கவிட்டு, உருண்டையை ஆர்விலின் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, கழுத்துப் பொத்தானைப் போட்டார். அறையே சிறுத்துப்போனது.

"டேய். பெட்டியில என்னடா?"

"ஆர…" ஆர்விலின் கண்கள் அவர் கண்களில் நின்றன. "ஆரஞ்…"

"நேரா சொல்லுடா! எவன்டா உன்ன இந்தப் பக்கம்…"

அவன் விரல்களை விரித்தான்.

மணி வெறும் மரத்தில் விழுந்து, ஒலித்தபடியே உருண்டது. ஓபலின் வாக்கியம் அங்கேயே அறுந்தது. கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அவன் உதடு இன்னும் பழத்தின் பெயரோடு மல்லாடிக்கொண்டிருந்தது. அதற்குள் தண்ணீர்க் குவளை அவன் முழங்காலருகே வந்துவிட்டது. ஆர்வில் வெறுங்கையைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

ஓபல் தரையில் முழங்காலிட்டு, கட்டிலடியில் கையை நுழைத்து உருண்டையை எடுத்தார். முழங்காலிட்டபடியே கடைசித் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தார். இரு கைகளாலும் அதை ஆர்விலிடம் நீட்டினார். அவனுடைய இரண்டு விரல்களும் பட்டையைக் கவ்வும் வரை தன் உள்ளங்கையை அடியில் வைத்திருந்து, பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார்.