எதிர்க்காற்றில் பந்து வீசிய எங்கள் நானா

நானாவை எங்களுக்குத் தந்தவனும் திரும்ப எடுத்துக்கொண்டவனும் அல்லாஹ்வே. அவனுக்கே புகழ் அனைத்தும். நானா மறைந்து ஒரு வருடமாகிறது. இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் ஆடிய வேகப்பந்து வீச்சாளராகவே உங்களில் பலர் அவரை அறிவீர்கள். தங்கையாகிய எனக்கோ, மீன் தலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதராகத்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். காற்றை மட்டும் கேட்காமலே விட்டுக்கொடுப்பார்.

நானா மன்னாரில் பிறந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நாங்களும் விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பக்கத்து ஊரான எத்தாளையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கினோம். ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கடற்கரை மைதானத்துக்கு விளையாடக் கூப்பிட்டார்கள். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே நேராக நிற்பதே பெரும் பாடு. காற்று முதுகில் தள்ளும் முனையிலிருந்து வீசினால் பந்து பறக்கும். மறுமுனையிலிருந்து ஓடிவருபவருக்கு மூச்சு முட்டும். நல்ல முனையை விருந்தாளிக்குக் கொடுப்பது அந்த மைதானத்தின் வழக்கம்.

"நீங்க வந்த ஆக்கள். காத்து உங்களுக்கு" என்பார்களாம்.

சில வருடங்கள் அப்படியே போயின. ஒருநாள் நானா கண்ணெல்லாம் மணலோடு வீட்டுக்கு வந்தார்.

"உம்மா, இண்டைக்கு என்னய எதிர்க்காத்துல போடச் சொன்னாங்க."

"அதுக்கு ஏன் மகன் சிரிக்கிறீங்க?"

"இனி நான் விருந்தாளி இல்ல உம்மா."

அங்கே பழகிய வேகம் அவரைக் கொழும்புக் கழகமொன்றுக்கும், பிறகு இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் அணிக்கும் கொண்டுபோனது. வார நாட்களில் பண்டகசாலையில் பெட்டி தூக்கினார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பின்னர் கவுண்டி அணியில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் எந்த முனை வேண்டும் என்று அணித்தலைவர் கேட்டாராம். காற்று முனைக்காக வேகப்பந்து வீச்சாளர்கள் முறுகிக்கொள்ளும் இடத்தில் நானா எதிர்க்காற்றைக் கேட்டு வாங்கினார். காற்றோடு வீசியவருக்கு விக்கெட்டுகள் விழுந்தன. இவருக்குத் தோள்வலிதான் மிச்சம். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டுமென்று நாங்கள் இங்கே துஆக் கேட்டபடி இருப்போம். வாப்பா தொலைபேசியில் கோபப்படுவார்.

"காத்த அடுத்தவனுக்குக் குடுத்துப்போட்டு உனக்கு எப்பிடி விக்கெட் விழும்?"

"காத்த வாங்கினா நான் விருந்தாளி, வாப்பா. விருந்தாளிய எப்பவும் அனுப்பலாம்."

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. முகம் சுளிக்காமல் நாள் முழுக்க எதிர்க்காற்றில் வீச வேறு ஆள் கிடைக்காததால், முழங்கால் கைவிடும்வரை அந்த அணி அவரை வைத்துக்கொண்டது.

பிறகு எத்தாளைக்கே திரும்பி வந்து மிளகாய்த் தோட்டம் செய்தார். இருதய நோய் வந்தபோதும் தோட்டத்துக்குப் போவதை விடவில்லை. அவர் மனைவி, எங்கள் மதினி, ஏசினால் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். கடைசியில் வைத்தியசாலையில், மதினியின் கையைப் பிடித்தபடி அமைதியாக வபாத்தானார்.

ஜனாஸாவை மன்னாருக்குக் கொண்டுபோய் மூத்தவாப்பாவின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்றார் வாப்பா. "இது இந்த ஊர் ஆக்கள்ட மையவாடி. நாங்க வந்த ஆக்கள்தானே" என்றார். வாகனமும் வந்துவிட்டது. அப்போதுதான் எத்தாளை மைதானத்தில் நானாவின் அணித்தலைவராக இருந்த ராஸிக் வந்து வாப்பாவின் கதிரைக்கருகே குந்தினார்.

"மாமா, அவர எதிர்க்காத்துல போடச் சொன்னவன் நான்தான். எங்கட ஆள எங்க கொண்டு போறீங்க?"

வாப்பா ராஸிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஓம் மகன். இங்கயே அடக்குவம்" என்றார். நானா வபாத்தான பிறகு அவர் அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

நானாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கபுறு தோண்டிய ஜமாஅத்தாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், தொலைபேசியில் அழுத அவருடைய இங்கிலாந்துத் தோழருக்கும் எங்கள் நன்றி. அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக.

அன்று நானாவின் ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்து சோழகத்துக்கு எதிரே நீங்கள் நடந்துபோனதை வாசலில் நின்று பார்த்தேன். எத்தாளை மக்களே, வந்த நாளில் எங்களுக்குக் காற்றைத் தந்தீர்கள், அதற்கு நன்றி. பிறகொரு நாள் அதைத் தர மறுத்தீர்கள், அதற்குத்தான் பெரிய நன்றி.