வாளியில் கரைந்த நாவல்

அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. என் பெயர் வருவதில்லை. ஆனால் ஒரு நாவலில் வரும் தபால்காரர் என்ன ஆனார் என்று தினமும் கேட்கிறார். அதை வாசித்துக் காட்டித்தான் என்னை வளர்த்தார். எங்கள் ஊரை நான் கண்டதில்லை, அந்தப் பக்கங்களில்தான் அறிந்தேன். இப்போது அது எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் பிரதி, நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையை விட்டுக் கனடா போனபோது, அம்மாவின் சிநேகிதி ரீட்டா அன்ரியிடம் ஒப்படைத்த புத்தகப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்கத்தான் இந்த ஆவணியில் கொழும்பு போனேன்.

காலை 8.10க்கு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ். புறக்கோட்டைக்கு எட்டுக் கிலோமீற்றர், 70 ரூபாய், ஐம்பது நிமிடம். (இருக்கை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.) அங்கிருந்து அன்ரியின் வீடு இருக்கும் கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோ, 350 ரூபாய். வெளியில் தமிழ் பேசப் பயந்த பழைய பழக்கத்தில் சாரதியிடம் உடைந்த சிங்களத்தில் வழி சொன்னேன். அவரும் உடைந்த சிங்களத்தில் பதில் சொன்னார். பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. "ஓமப்பா, சாப்பிட்டனான்" என்றார். அதன் பிறகும் நாங்கள் இருவரும் சிங்களத்தையே தொடர்ந்தோம். வெட்கமாக இருந்தது.

அன்ரி தேத்தண்ணி தந்தார். பெட்டியைக் கேட்டதும் முகம் மாறியது. அம்மா எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் தன் பெயரையும் ஊரையும் எழுதுவார். கிளிநொச்சி, புலிகளின் தலைநகர் என்று பெயர் எடுத்த ஊர். சண்டைக் காலத்தில் வீட்டைச் சோதிக்க வருகிற ஆமிக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

"எரிச்சா புகை வரும், பிள்ளை. வாளியில ஊறப்போட்டுக் கரைச்சுச் சாக்கடைக் கானுக்குள்ள ஊத்தினன். மூண்டு நாள் எடுத்தது."

முதல் பக்கத்தை மட்டும் கிழித்திருக்கலாமே என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதையெண்டு கிழிக்கிறது? உங்கட அம்மா ஓரமெல்லாம் ஊர்ச்சனத்தின்ர கதையை எழுதி வச்சிருந்தவ."

ஒன்றை மட்டும் அவர் கரைக்கவில்லை. சிங்களம் படிக்கும் பாடப்புத்தகம். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசல் மேசையில் வைத்திருந்தாராம். அதை என் கையில் தந்துவிட்டு அழுதார். யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை வேண்டாம், எல்லோரும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருப்பார்கள். போனில் முதலில் கேளுங்கள். வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் இன்றே பிரதி எடுங்கள்.

அம்மாவிடம் நாவல் கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னேன். பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து வாசிக்கிறேன். நாலாம் அத்தியாயத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அம்மா பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார்.