தியேட்டரில் விட்டுப்போன சைக்கிள்

கொரட்டூர் ஸ்டேஷனில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள். பக்கத்தில் அலுவலகத் தோழி புதுப்படம் ஒன்றின் வசூலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

நான் பள்ளியில் படித்தபோது, மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் அம்மா சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த சைக்கிள் சீட்டுகளின் ரப்பர் வாசனை, சுவருக்கு அப்பாலிருந்து வரும் வசனம். இடத்தைவிட்டு நகர முடியாததால் அம்மா படங்களைக் கேட்டதுதான் உண்டு. பள்ளி விடுமுறையில் நானும் கூட இருந்து, காட்சிக்கு எத்தனை சைக்கிள் என்று நோட்டில் எழுதுவேன். நிறைய வந்தால் நல்ல படம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழே சைக்கிள். படம் விட்டதும் ஆறு பேர்தான் எடுத்தார்கள். லேத் பட்டறைக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டி நடந்தே போய்விட்டார். மறுநாள் காலையில் தேடி வந்தவரிடம் அம்மா கேட்டாள்.

"இன்னாண்ணே, சைக்கிளயே மறந்துட்டுப் பூட்ட?"

"படம் அப்டிம்மா. ஊட்டாண்ட போனப்பறம்தான் நெனப்பே வந்துது."

"கடசீல அந்தப் பொண்ணு அவங்கப்பனாண்ட போய்ச் சேந்துச்சா? அழுவுற சத்தம்தான் கேட்டுது."

"வாயால சொன்னா கெட்டுப்பூடும். நீயே பாத்துடு."

அம்மா முதல்முறையாக டோக்கன் டப்பாவை என் கையில் கொடுத்தாள். "மேட்னிக்கு நீ பாத்துக்கறியா? நான் போய்ட்டு வந்துர்றேன்."

வாசலில், வியாழன் வரை ஓடவேண்டிய அந்தப் படத்தின் போஸ்டர் மேல் பழைய வெற்றிப்படம் ஒன்றின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அம்மா இறந்துபோன பிறகும் அந்தப் படத்தைத் தேடுகிறேன். எங்கும் கிடைக்கவில்லை. இணையத்தில் பெயரைப் போட்டால் தோல்விப்படம் என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெண் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தாளா என்று அதில் இல்லை.