வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கிளப்பிய லாரி

அம்மா எங்களை விட்டுப் போய் இந்த ஆவணியோடு ஒரு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நீ ஒருத்திதானே, நினைவு மலருக்கு நீயே எழுது என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வியாசர்பாடியில் இருப்பவர். பொறுமையின் இருப்பிடம், தியாகச் சுடர், சிரித்த முகம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். மாமா மன்னிக்க வேண்டும். அம்மாவின் சிரித்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மா களைத்துத்தான் இருந்தார். அதைச் சொல்லாமல் எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும். அப்படிக் களைத்தவர் தமக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. அது கிடைக்காமலே போனார். அதையும் எழுதத்தான் போகிறேன்.

அம்மா பிறந்தது அத்திப்பட்டில். தாத்தா உப்பளத்துக் கூலி. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாத்தாவின் மண்வெட்டி வருஷத்துக்கு ஒன்றாக இற்றுப் போனதைப் பார்த்து வளர்ந்தவர். பதினாறு வயதில் நைனாவைக் கைப்பிடித்துத் தண்டையார்பேட்டைக்கு வந்தார். என் தந்தையாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் லாரி டிரைவர். நான் பிறந்த வருஷம் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். வாங்கும்போதே அது கிழம். சக்கரத்துக்கு மர ஆரக்கால்கள், மேலே மரப் பலகை உடம்பு. பேட்டரி கிடையாது. முன்னால் குனிந்து ஹேண்டில் அடித்துத்தான் கிளப்ப வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். கடல் கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று ஊர் சொல்லும். அம்மா மட்டும் நாலு பேர் என்பார். பெருமையாக அல்ல, சலிப்பாகத்தான்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பாதி நாள் வண்டி சும்மா நின்றது. பட்டாளத்துக்கு டிரைவர் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது நைனா பெயர் கொடுத்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. கிளம்புகிற அன்று அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று விஷயம் சொன்னார். அது எனக்கு மனப்பாடம்.

“வாரத்துக்கு ஒரு தபா கெளப்பு. கெணத்துத் தண்ணி உப்பு, அத்த ரேடியேட்டர்ல ஊத்திடாதே, பைப்புத் தண்ணிதான் ஊத்தணும். ஹேண்டில் அடிக்கசொல்லோ கட்டை விரலை மடக்காதே, நாலு விரலோடயே சேத்து வை. எதுத்து அடிச்சா ஒடச்சிடும்.”

அம்மா, “எப்ப வருவ?” என்று கேட்டார்.

“வண்டி துரு பிடிக்கறதுக்குள்ள வந்துடறேன்” என்றார் நைனா. விளையாட்டாகச் சொன்னதுதான். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். ஆறு நாள் ராயபுரத்து மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கும் வேலை. வெள்ளிக்கிழமை லாரி. வெள்ளிக்கிழமை என்று வைத்ததற்குக் காரணம் இஸ்மாயில் பாய். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார், நைனாவின் தோஸ்து. அவருக்கு அன்றுதான் லீவு. ஒர்க்‌ஷாப்பில் சாமான் கழுவி மிச்சமான அழுக்குப் பெட்ரோலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போவார். அம்மா அதைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுவார். பிறகு தெருக்குழாய். கருக்கலிலேயே போய் வரிசையில் நின்று நாலு குடம் பிடிப்பார். அதில் மூன்று லாரிக்கு, ஒன்று எங்களுக்கு. நான் உப்புத் தண்ணீரில்தான் குளித்தேன். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். எனக்கு அந்த வண்டி மீது ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“லாரிக்கு நல்ல தண்ணி, எனக்கு உப்புத் தண்ணியாம்மா?”

“உனுக்குத் துரு பிடிக்காது. போ” என்றார் அம்மா.

மாதம் ஒரு முறை மீன் எண்ணெய் பூச வேண்டும். காசிமேட்டில் கட்டுமரக்காரர்கள் பூசுவார்களே, அதே எண்ணெய்தான். பலகை, அடிச்சட்டம், ஒவ்வொரு போல்ட்டு என்று கந்தல் துணியால் தேய்த்துக்கொண்டே போவார். வீடு, பாய், தலையணை, என் பாடப் புத்தகம், எல்லாம் அந்த நாற்றம் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். டயர் தரையில் அழுந்தி வீணாகக் கூடாது என்று அடியில் மரக் கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார். இதையெல்லாம் முடித்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹேண்டில் அடிப்பார். எஞ்சின் பிடித்துக்கொண்டால் தெருவே அதிரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அம்மாவை நினைத்தால் எனக்கு அந்தச் சாய்ந்த தலைதான் முதலில் வருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அசதியில் கட்டை விரலை மடக்கிப் பிடித்துவிட்டார். ஹேண்டில் எதிர்த்து அடித்தது. விரல் ஒடிந்தது. கட்டுப் போட்டார்கள், கோணலாகச் சேர்ந்தது. ஒரு வாரம் கூட நிறுத்தாமல் இடது கையால் அடித்தார்.

மலாய் நாட்டிலிருந்து சில மாதம் நைனா யாரையாவது விட்டு எழுதிய கடிதம் வந்தது. சிங்கப்பூர் விழுந்ததற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடிய அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் நாலு வீடுதான் மிச்சம். அதில் ஒன்று எங்களுடையது. வண்டியை யார் பார்ப்பது என்று அம்மா கேட்டார்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் மாமா வந்தார். கூடவே பழைய இரும்பு வியாபாரி ஒருவர். மாமாவைக் குறை சொல்லவில்லை. தங்கச்சி படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வந்தார்.

“தோ பாரும்மா, எத்தினி நாளு இப்டியே இருப்பே? போனவரு போய்ட்டாருன்னு ஊரே சொல்லுது. இத்த தள்ளிவுட்டுட்டு, புள்ளைய கூட்டிக்கினு நம்ப வூட்டாண்ட வந்துடு.”

அம்மா சொன்ன பதில்தான் எனக்கு முதல் முறையாகப் பல விஷயத்தைப் புரியவைத்தது. “என்னிக்கி வண்டி கெளம்பலியோ, அன்னிக்கி வித்துக்கோண்ணா. அது கெளம்பற வரைக்கும் அவரு கீறாரு.”

“அப்ப இன்னிக்குக் கெளப்பு, பாக்கலாம்” என்றார் மாமா.

அன்று வெள்ளிக்கிழமை. கொட்டகைத் தகரம் காற்றில் பிய்ந்து மூன்று நாளாக எஞ்சின் மேல் மழை கொட்டியிருந்தது. அம்மா அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வண்டி இருமக்கூட இல்லை. இரும்பு வியாபாரி குடையைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தட்டிப் பார்த்தார். அம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் கண்டேன். பாய் தொழுகை முடிந்து வந்தார். பொறி கொடுக்கிற மேக்னட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக் கவிழ்த்தார், தண்ணீர் சொட்டியது.

“தங்கச்சி, இத்த காய வைக்கணும். நெருப்புல காட்டாதே, உள்ள கீற மெழுகு உருகிடும். தோசைக்கல்லைச் சூடு பண்ணி எறக்கி வச்சி, கை வச்சாப் பொறுக்கற சூட்டுல இத்த அது மேல வை. ஆறிப் போனா மறுபடியும் சூடு பண்ணு.”

அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு பொங்கவில்லை. அடுப்பும் தோசைக்கல்லும் மேக்னட்டுக்கே போயிற்று. உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், மேக்னட்டைத் திருப்புவார், மறுபடியும் கல்லை அடுப்பில் ஏற்றுவார். குழந்தைக்குச் சுரம் பார்க்கிறவள் கூட அப்படித் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாள். பின்மத்தியானம் பாய் அதைத் திரும்பப் பூட்டினார். “நான் அடிக்கட்டா?” என்று கேட்டார். அம்மா ஹேண்டிலைக் கொடுக்கவில்லை. ஐந்தாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா அழுதார். மாமாவும் அழுதார். இரும்பு வியாபாரி டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் நைனா வந்துவிட்டார். ஜப்பான்காரரிடம் பிடிபட்டுக் கிடந்திருக்கிறார். ஆள் பாதிதான் இருந்தார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்துப் பூ வைத்து, ரேடியேட்டருக்குக் குங்குமம் இட்டு, “வா, வந்து பாரு” என்று கூப்பிட்டார். ஐந்து வருஷத்து உழைப்பும் அந்தக் கூப்பிடுதலில் இருந்தது. நைனா எழுந்து கொட்டகைப் பக்கம் போகவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு தனியாகப் போய் வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகும் அப்படியேதான். நைனா ஒரு மரக் கிடங்கில் காவல்காரராகப் போனார். எந்த வண்டியிலும் ஏற மாட்டார். நடந்தே போவார், நடந்தே வருவார். வெள்ளிக்கிழமை ஹேண்டிலை எடுக்கிற சத்தம் கேட்டதும் கிணற்றடிக்குப் போய்விடுவார். அம்மா குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பார், எண்ணெய் பூசுவார், கிளப்புவார். ஓட்ட ஆள் இல்லாத வண்டிக்குப் பத்து வருஷம். எனக்குச் சலித்துப் போயிற்று. சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வந்தபோது மீன் எண்ணெய் நாற்றத்தைப் பற்றி ஜாடையாகப் பேசியதும் எனக்கு மறக்கவில்லை. நைனா மீது எனக்கு இருந்த கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

போன வருஷம் ஆடியில் அம்மாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கேட்டேன், “நைனாதான் தொடலியே, அப்பவே அத்த வித்திருக்கலாமேம்மா?”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வித்துட்டா, அத்தினி வருசமும் நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னு அவருக்கு எப்டித் தெரியும்? ஒரே ஒரு தபா பக்கத்துல வந்து நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டாருன்னாப் போதும். அப்பால எவன் வேணா எடுத்துகினு போவட்டும்.”

அதுதான் அம்மா கேட்டது. ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தெருக்குழாயில் ‘லாரிக் குடம் வருது, வழி வுடுங்க’ என்று அம்மாவுக்கு முறை விட்டுக் கொடுத்த பெண்களுக்கு. எண்ணெய் ஊற்றிக் கொடுத்த காசிமேட்டு மீனவர் வீட்டாருக்கு. பதினைந்து வருஷம் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போன, அம்மா போன அன்றும் முதல் ஆளாக வந்து நின்ற இஸ்மாயில் பாய்க்கு. ஆஸ்பத்திரியில் அம்மாவை ‘அம்மா’ என்றே கூப்பிட்ட நர்சுகளுக்கு. எல்லாக் காரியத்தையும் தோளில் போட்டுச் செய்த மாமாவுக்கு. நீங்கள் இல்லாவிட்டால் அம்மா இன்னும் முன்பே ஓய்ந்திருப்பார்.

இத்தோடு கட்டுரை முடிந்தது என்று நினைத்தேன். அச்சாபீசுக்குக் கொடுக்கும் முன்னால் நைனாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து வராது. கிணற்றடியில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசி வரை கேட்டார். நடுங்குகிற கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஒண்ணு தப்பா எழுதிகீறே, கண்ணு” என்றார்.

“எது நைனா?”

“நான் கேக்கலன்னு. மூணாவது சுத்துல புடிக்கும். மழை நாளுன்னா அஞ்சு. வெரலு ஒடஞ்ச கையாச்சே, நாலாவது சுத்துல கொஞ்சம் நின்னு அடிப்பா. போன வருசம் ஆடி கடேசி வெள்ளி ஒம்போது சுத்து. ஒம்போது சுத்து அவ அடிச்சதே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, அவளுக்கு ஒடம்பு முடியலன்னு.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “அப்ப ஏன் நைனா எழுந்து போகலை?”

“போனா ஹேண்டிலை நான்தான் வாங்கணும். வாங்கினா ஓட்டணும். இந்தக் கைய வச்சிகினு இன்னா பண்ணுவேன்? அவ கிட்ட சொல்லிக்க வெக்கமா இருந்துச்சி.”

பிள்ளைகளின் நோட்டில் தப்பைத் திருத்துவது என் தொழில். என் கட்டுரையில் நைனா சொன்ன திருத்தத்தை அவர் சொன்னபடியே சேர்த்துவிட்டேன். பத்து வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு சுற்றாக எண்ணியிருக்கிறார். இந்த மலர் கைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் இப்போது அது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.