வெறுமையான ஒன்றாம் கூண்டு

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நான்காம் மாடியில் இருக்கும் கௌரி, புள்ளிவிபர வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவள். நேரில் ஒரு குதிரைப் பந்தயமும் பார்த்ததில்லை. ஒரு சதம் கட்டியதுமில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் முஸ்அப் அச்சடிக்கும் ரேஸ் தாளில், இங்கிலாந்துப் பந்தயங்களுக்கான கூண்டு அட்டவணை அவளுடையது. எந்த மைதானத்தில் எத்தனையாம் கூண்டிலிருந்து புறப்படும் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்று பழைய முடிவுகளிலிருந்து கணித்துக் கொடுப்பாள். டியூஷன் பேப்பர் திருத்துகிறாளாக்கும் என்று பக்கத்து வீட்டார் நினைத்திருந்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

ஒரு சின்ன மைதானம் மட்டும் அவளைக் குழப்பியது. அங்கே ஓட்டம் தொடங்கியதுமே பாதை இடப்பக்கம் வளைந்துவிடும். உள்வேலியை ஒட்டிய ஒன்றாம் கூண்டுக் குதிரைக்குத் தூரம் குறைவு; அதுவே அதிகம் வெல்லும். கடைசி நேரத்தில் அதைப் பந்தயத்திலிருந்து விலக்கிக் கூண்டு வெறுமையானால், அந்த ஆதாயம் இரண்டாம் கூண்டுக்குப் போகவேண்டும். போகவில்லை. ஒன்பது வருடத்தில் அப்படி நாற்பத்தொரு பந்தயங்கள். இரண்டாம் கூண்டு வென்றது ஒரே தடவை.

கணக்கில் பிழை விட்டிருப்பேன் என்று வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டாம் குதிரை வேலியிலிருந்து சரியாக ஒரு குதிரை அகலம் தள்ளியே ஓடியது. மேலே இருந்த ஜொக்கி வேலிப்பக்கம் இழுத்தும் அது போகவில்லை. அதன் இடது காது வேலியோரத்து வெறும் புல்லைப் பார்த்தே திரும்பியிருந்தது. வேறு வேறு வருடங்கள், வேறு வேறு குதிரைகள்.

ஞாயிறு காலை முஸ்அப்பை வரவழைத்து, அவற்றில் ஒரு வீடியோவைப் போட்டாள்.

"ஒண்டும் சொல்லமாட்டன். வளைவிலை எத்தினை குதிரை எண்டு மட்டும் எண்ணுங்கோ."

அவன் திரையில் விரல் வைத்து எண்ணினான். "எட்டு, மிஸ்."

"ஓடினது ஏழு."

மறுபடி போட்டார்கள். ஏழுதான் இருந்தன. மூன்றாம் தடவையும் ஏழு. முஸ்அப் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அப்ப முதல்ல வேலியோட ஒட்டி நான் எதை எண்ணினேன்?"

"எனக்கும் முதல் தரம் எட்டுத்தான் வந்தது," என்றாள் கௌரி. "அதாலதான் உங்களைக் கூப்பிட்டனான்."

ஊற்றி வைத்த தேத்தண்ணீரைத் தொடாமலே அவன் எழுந்தான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்த மைதானத்தை விட்டிருவமா மிஸ்?" என்று கேட்டான்.

அவளுக்கு ஓம் என்று சொல்ல மனம் வரவில்லை. முப்பது வருடமாக எண்களை மறைத்துப் பழக்கமில்லை.

வீடியோ பார்ப்பதை மட்டும் விட்டாள். இப்போது ஒன்றாம் கூண்டு வெறுமையாகும் நாட்களில், அதற்குள் ஒரு குதிரை நிற்கிறது என்று வைத்தே மற்றவற்றைக் கணக்கிடுகிறாள். அந்த மைதானத்தில் அவள் கணக்கு இன்னும் ஒருமுறைகூடப் பிழையாகவில்லை.